நாள் ஆக ஆக ரேமைத் தின்னும் லினக்ஸ் டெஸ்க்டாப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடிக்கணினியை அணைக்காமல், மூடியை மட்டும் மூடி வைத்து வாரக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பழகிப்போன ஒன்று. திங்கட்கிழமை துள்ளி ஓடிய டெஸ்க்டாப் வியாழக்கிழமை ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்கு மாறவே மூச்சு வாங்கும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை. நண்பர்கள் என்னிடம் கேட்டவை, நானே தடுமாறியபோது எனக்குள் எழுந்தவை என இரண்டு வகைக் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். லினக்ஸின் பல டெஸ்க்டாப்களில் ஒன்றான க்னோம் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். நான் தினமும் புழங்குவது அதில்தான்.

என் ரேமில் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. இது நினைவகக் கசிவா?

பெரும்பாலும் இல்லை. டெர்மினலைத் திறந்து ஃப்ரீ கட்டளையை, ஒரு சிறுகோடும் ஹெச் எழுத்தும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அதில் ஃப்ரீ என்ற நெடுவரிசை பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் திறந்த கோப்புகளின் நகலை, மறுபடி கேட்டால் உடனே தரலாம் என்று, சும்மா கிடக்கும் ரேமில் கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, வைத்துக்கொள்கிறது. பஃப், கேஷ் என்று தெரிவது அதுதான். ஏதாவது ஒரு மென்பொருள் இடம் கேட்டால் அந்த நகல்களை அந்த நொடியே விட்டுக்கொடுத்துவிடும்.

நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி நெடுவரிசை, அவைலபிள். ஸ்வாப்பை, அதாவது ரேம் போதாதபோது கைகொடுக்க வழக்கமாக வட்டில் ஒதுக்கும் இடத்தை, தொடாமல் புது மென்பொருள்களுக்கு இன்னும் எவ்வளவு தர முடியும் என்று கர்னலே போடும் மதிப்பீடு அது. 2014 இல் வந்த 3.14 கர்னலிலிருந்து இந்த எண் கிடைக்கிறது. அதே வேலைகளை அதே அளவில் செய்துகொண்டிருக்கும்போதும் இந்த எண் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனால், அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும்.

அப்படியானால் கசிவு என்று எதைச் சொல்கிறோம்?

ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறோம். குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது உண்மையான கசிவு. நிரல் இடத்தை வாங்குகிறது, வேலை முடிந்தபின் திருப்பித் தர மறந்துவிடுகிறது, அந்த இடம் எங்கே இருக்கிறது என்பதே அதற்கு மறந்துபோகிறது. சி மொழியில் எழுதிய பகுதிகளில் இது நடக்கும்.

இரண்டாவது, மறக்கவில்லை, விடவும் இல்லை என்ற நிலை. ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய டெஸ்க்டாப் பகுதிகளில் இதுதான் அதிகம். வேண்டாத பொருள்களின் இடத்தைத் தானாக மீட்கும் குப்பை சேகரிப்பான் வந்து பார்க்கிறது. அந்தப் பொருளை யாரோ ஒருவர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார், எனவே அதைத் தொடாமல் போய்விடுகிறது. அந்த யாரோ, எப்போதோ மூடிவிட்ட ஒரு மெனுவாகக்கூட இருக்கலாம்.

மூன்றாவது கசிவே அல்ல. நிரல் இடத்தை ஒழுங்காகத் திருப்பித் தந்துவிட்டது, ஆனால் அது கர்னலிடம் போய்ச் சேரவில்லை. பேருந்தின் கடைசி இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் வரை வண்டியை டிப்போவுக்குத் திருப்ப முடியாதல்லவா, அதைப் போல. நிரல்களுக்கு இடம் வாங்கித் தரும் ஜிலிப்சி நூலகத்தின் முதன்மை ஹீப் பகுதி, அதாவது அப்படித் தரும் இடங்களின் தொகுப்பு, உச்சியிலிருந்துதான் சுருங்கும். உச்சியில் ஒரு சின்னத் துண்டு பயன்பாட்டில் இருந்தால் கீழே உள்ள காலி இடமெல்லாம் ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் அந்த நிரலின்) கணக்கிலேயே நிற்கும். ஆனால் அந்தக் காலி இடத்தை அதே ப்ராசஸ் மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் என்பதால், இது ஓர் அளவுக்கு ஏறி நின்றுவிடும். முதல் இரண்டும் அப்படி நிற்காது.

எந்த ப்ராசஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் டாப் அல்லது ஹெச்டாப் திறந்து, ரேமில் இப்போது பிடித்திருக்கும் அளவைக் காட்டும் ரெஸ் என்ற நெடுவரிசையின்படி வரிசைப்படுத்துங்கள். விர்ட் நெடுவரிசையைப் பார்க்கவே வேண்டாம். அது ப்ராசஸ் தனக்கென்று ஒதுக்கி வைத்த முகவரிகளின் அளவு மட்டுமே. பல ஜிபி காட்டினாலும் ரேமில் அதில் கொஞ்சம்தான் இருக்கும்.

ரெஸ் எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. பத்து ப்ராசஸ்கள் ஒரே நூலகத்தைப் பகிர்ந்தால் பத்தின் கணக்கிலும் அது முழுதாக ஏறும். ஸ்மெம் என்ற சின்னக் கருவியை நிறுவிக்கொண்டால் பிஎஸ்எஸ், யுஎஸ்எஸ் என்ற எண்களைத் தரும். பிஎஸ்எஸ் பகிர்ந்ததைப் பங்கு போட்டுச் சொல்கிறது. யுஎஸ்எஸ் அந்த ப்ராசஸுக்கே உரியதை மட்டும் சொல்கிறது. கசிவு எப்போதும் யுஎஸ்எஸ்ஸில்தான் தெரியும் என்று சொல்ல முடியாது, ஆனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இதற்கு முன் ஒன்று: டெஸ்க்டாப்பைக் குறை சொல்வதற்குமுன் பிரவுசரை விசாரியுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் அபவுட் ப்ராசசஸ் என்ற உள்பக்கத்தைத் திறந்தால் எந்தத் தாவல் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் அதன் டாஸ்க் மேனேஜர் வரும். நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் மின்னஞ்சல் தாவல் குற்றவாளியாக இருக்கும்போது க்னோமைத் திட்டிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

ஒருமுறை பார்த்தால் போதாதா? ஏன் பதிவு செய்யச் சொல்கிறார்கள்?

போதாது. ஒரு புகைப்படத்தை வைத்து ஒருவர் நடக்கிறாரா நிற்கிறாரா என்று சொல்ல முடியாது. 900 எம்பி என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அது நேற்று என்னவாக இருந்தது, எப்போது ஏறியது, எப்படி ஏறியது என்பதில்தான் விடை இருக்கிறது.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சந்தேகப்படும் ப்ராசஸின் ஆர்எஸ்எஸ் எண்ணை (டாப்பில் ரெஸ் என்று பார்த்த அதே எண்) பிஎஸ் கட்டளையிடம் கேட்டு, தேதி, நேரத்தோடு ஒரு கோப்பின் கடைசியில் சேர்க்கும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று போதும். நடுவில் 600 நொடி ஸ்லீப். இரண்டு மூன்று நாள் ஓடவிட்டு, அந்தக் கோப்பை லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறந்து கோட்டு வரைபடமாகப் போடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஆர்எஸ்எஸ் மட்டும் எழுதினால் ஏமாந்துபோவீர்கள். கசிந்த இடத்தை யாரும் மறுபடி தொடுவதில்லை, எனவே நெருக்கடி வரும்போது கர்னல் அதைத்தான் முதலில் ஸ்வாப்புக்குத் தள்ளும். அப்போது ஆர்எஸ்எஸ் இறங்கும், கசிவு நின்றுவிட்டது போலத் தோன்றும். ப்ராக் கோப்பகத்தில் அந்த ப்ராசஸின் எண்ணுக்குள் ஸ்டேட்டஸ் என்ற கோப்பு இருக்கிறது. அதில் விஎம்ஸ்வாப் என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

வரைபடம் எப்படி இருந்தால் என்ன பொருள்?

கோடு வேகமாக ஏறி, பிறகு சாய்வு குறைந்து, ஓர் உயரத்தில் படுத்துவிட்டால் கவலை வேண்டாம். கேஷ் நிரம்பியிருக்கிறது, அல்லது மேலே சொன்ன பேருந்து விஷயம்.

நீங்கள் தொடாத நேரத்திலும், இரவு மூன்று மணிக்கும், ஒரே சாய்வில் நேர்கோடாக ஏறினால், ஏதோ ஒன்று டைமர் வைத்து ஓடுகிறது. வானிலை காட்டும் எக்ஸ்டென்ஷன் (டெஸ்க்டாப்பில் நாமே சேர்க்கும் துணை நிரல்), சிபியூ வெப்பம் காட்டும் விட்ஜெட், நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் நெட்வொர்க் வேகம், இப்படி எதையாவது தேடுங்கள்.

கோடு படிக்கட்டு போல ஏறினால் அதுதான் நல்ல செய்தி. ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கும், அது நீங்கள் செய்த ஏதோ ஒரு செயல். மானிட்டரைச் செருகியதா, ஸ்கிரீன்ஷாட் எடுத்ததா, அறிவிப்பு வந்ததா என்று நேரத்தைப் பார்த்துப் பொருத்திப் பார்க்கலாம்.

என் 8 ஜிபி மடிக்கணினியில் ஒருமுறை இப்படித்தான் ஆனது. க்னோமின் திரையை நடத்தும் முதன்மை ப்ராசஸான க்னோம் ஷெல் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தது. படிகள் எல்லாம் வேலை நேரத்தில், ஆனால் ஒழுங்கில்லாத இடைவெளியில். இரண்டு நாள் பொருத்திப் பார்த்தும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே தேநீர் எடுக்க எழுந்து, வழக்கம்போலத் திரையைப் பூட்டினேன். திரும்பி வந்து திறந்தபோது புதிதாக ஒரு படி. நான் இருக்கையை விட்டு எழுந்த நேரங்கள்தான் அந்தப் படிகள்!

திரையைப் பூட்டினால் ஏன் கசிய வேண்டும்?

க்னோமில் திரையைப் பூட்டும்போது, பயனர் போட்ட எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் டிஸேபிள் செய்யப்படுகின்றன. பூட்டுத் திரையிலும் ஓடுவோம் என்று வெளிப்படையாக அறிவித்தவை மட்டும் விதிவிலக்கு. திறந்ததும் மற்றவை மறுபடி எனேபிள் ஆகின்றன. அதாவது ஒவ்வொரு பூட்டும் திறப்பும் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரு சாவும் ஒரு பிறப்பும்.

டிஸேபிள் ஆகும்போது தான் உருவாக்கிய பொத்தான்களை அழிக்க வேண்டும், ஏதாவது நடந்தால் தெரிவிக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்த சிக்னல்களைத் துண்டிக்க வேண்டும், வைத்த டைமர்களை நிறுத்த வேண்டும். க்னோமின் எக்ஸ்டென்ஷன் தளத்தில் ஒன்றை ஏற்றுக்கொள்ளும்முன் மதிப்பாய்வாளர்கள் கறாராகப் பார்ப்பது இதைத்தான். ஆனாலும் ஒரு சிக்னல் விட்டுப்போகும். விட்டுப்போன அந்த ஒரு சிக்னல் பழைய பொத்தானைப் பிடித்துக்கொண்டிருக்கும், பொத்தான் தன் மெனுவை, மெனு தன் படங்களை. ஒரு நாளைக்குப் பதினைந்து முறை எழுந்து போகிறவருக்குப் பதினைந்து நகல்கள்.

என் கணினியில் செய்தது அப்படி ஓர் எக்ஸ்டென்ஷன்தான். இருபது முறை அடுத்தடுத்துப் பூட்டித் திறந்து, முன்னும் பின்னும் அளந்தபோது சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. க்னோம் ஷெல் மீது சந்தேகம் வந்தால் நீங்களும் முதலில் இதைச் செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பல எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன. எது என்று எப்படிப் பிடிப்பது?

க்னோம் ஷெல் ஒரே ப்ராசஸ். விண்டோக்களைத் திரையில் வரையும் மட்டர், மேல் பேனல், எல்லா எக்ஸ்டென்ஷன்களும் அதற்குள்ளேயே ஓடுகின்றன. எனவே டாப் கட்டளை எதைக் காட்டினாலும் க்னோம் ஷெல் என்றுதான் காட்டும். தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

பாதிப் பாதியாக அணைப்பதுதான் வழி. பன்னிரண்டு இருந்தால் ஆறை அணையுங்கள். லாகவுட் செய்து லாகின் செய்யுங்கள். சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கசிவு இருந்தால் மீதி ஆறில் ஒன்று, இல்லையென்றால் அணைத்த ஆறில் ஒன்று. நான்கு முறைக்குள் ஆள் அகப்பட்டுவிடும். லாகவுட்டைத் தவிர்க்கக் கூடாது. எக்ஸ்டென்ஷனை அணைத்ததும் பழைய கசிவு திரும்பி வராது, ஏற்றிய நிரலும் ப்ராசஸுக்குள்ளேயே கிடக்கும். அணைத்தேன், ரேம் குறையவில்லை, எனவே இது காரணம் இல்லை என்று தவறான முடிவுக்கு வருபவர்கள் நிறையப் பேர்.

எல்லா எக்ஸ்டென்ஷனையும் அணைத்த பின்னும் கசிந்தால் அது க்னோமின் சொந்தப் பிழை. வழுவாகப் பதிய வேண்டிய விஷயம்.

2018 இல் பேசப்பட்ட அந்தப் பெரிய க்னோம் கசிவு என்ன ஆனது?

2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10, தன் பழைய டெஸ்க்டாப்பான யூனிட்டியை விட்டு க்னோம் ஷெல்லுக்கு மாறியது. திடீரென்று நிறையப் பேர் அதைப் புழங்கத் தொடங்கினார்கள், ரேம் ஏறிக்கொண்டே போகிறது என்ற புகாரும் கூடவே பெருகியது. அடுத்த ஆண்டு ஜார்ஜஸ் ஸ்டாவ்ராகாஸ் என்ற க்னோம் நிரலாளர் அதைத் துரத்திப் பிடித்தார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பிழை எங்கே ஒளிந்திருந்தது என்பதுதான்.

ஷெல்லில் ஒரு பொத்தான் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஒரு சின்ன உறை, சி பக்கம் அதன் உண்மையான உடம்பு. உறை மிகச் சிறியது, உடம்போ படங்களும் டெக்ஸ்சர்களுமாக (திரையில் வரையத் தயாராக வைத்திருக்கும் படத் தரவு) பெரியது. குப்பை சேகரிப்பானுக்கு உறைகள் மட்டும்தான் கண்ணில் படும். கொஞ்சம்தானே சேர்ந்திருக்கிறது, அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்று அது சும்மா இருந்துவிடும். கூட்ட வந்தாலும், ஒரு மெனுவின் வெளி அடுக்கு போன பிறகுதான் உள் அடுக்கு யாருக்கும் வேண்டாதது ஆகும். அது அடுத்த சுற்றில்தான் போகும், அதற்குள் இருப்பது அதற்கும் அடுத்த சுற்றில். அடுக்கடுக்காகப் பொருள்கள் காத்துக் கிடந்தன. யாரும் மறக்கவில்லை, யாரும் பிடித்து வைக்கவும் இல்லை, ஆனாலும் ரேம் ஏறியது.

அவர் போட்ட திருத்தம், ஒரு பொருள் வேண்டாததாக ஆனவுடன் குப்பை சேகரிப்பை வரிசையில் போடு என்பது. சம்மட்டியால் அடிப்பது போன்ற வழிதான், அடிக்கடி கூட்டுவதற்குச் சிபியூ செலவாகும். பிந்தைய பதிப்புகளில் அதை மென்மையாக்கினார்கள். இன்றைக்கும் யாராவது க்னோம் என்றாலே கசியும் என்றால் அவர் நினைவில் இருப்பது பெரும்பாலும் அந்தக் காலம்தான்.

கேடிஈ பிளாஸ்மாவில் எங்கே தேடுவது?

க்னோமைப் போல இன்னொரு டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவில் ஒரு நல்ல வசதி: பேனலும் வால்பேப்பரும் விட்ஜெட்டுகளும் பிளாஸ்மாஷெல் என்ற ப்ராசஸில், விண்டோக்களை நிர்வகிப்பது கேவின் என்ற வேறு ப்ராசஸில். எது வளர்கிறது என்பதே பாதி விடை. பிளாஸ்மாஷெல் வளர்ந்தால், தானாக மாறும் வால்பேப்பரை ஒரே படமாக நிறுத்திவிட்டு ஒரு நாள் பாருங்கள். பிறகு வெளியிலிருந்து இறக்கிய விட்ஜெட்டுகளை ஒவ்வொன்றாக எடுங்கள்.

பிளாஸ்மாஷெல்லை மட்டும், பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பயனர் சேவை வழியாக ரீஸ்டார்ட் செய்யலாம். பேனல் ஒரு நொடி மறைந்து வரும், திறந்திருக்கும் விண்டோக்களுக்கு எதுவும் ஆகாது.

லினக்ஸ் மின்ட்டின் சின்னமனில்?

சின்னமனும் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதியதே, எனவே பேனலில் சேர்க்கும் ஆப்லெட்டுகளுக்கும் அதே பாதிப் பாதி முறை. 2021 இல் லினக்ஸ் மின்ட் 20.2 உடன் வந்த சின்னமன் 5.0 இல், சின்னமன் எவ்வளவு ரேம் வரை போகலாம் என்று அமைப்புகளில் உச்சவரம்பு வைக்கும் வசதி வந்தது. அதைத் தாண்டினால் விண்டோக்களை இழக்காமல் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும்.

எல்லா ப்ராசஸையும் கூட்டினாலும் கணக்கு இடிக்கிறது. மீதி ரேம் எங்கே போனது?

மூன்று இடங்களில் பாருங்கள்.

தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்பகம் முதலாவது. ஃபெடோராவில் 18 ஆம் பதிப்பிலிருந்தும், டெபியனில் 2025 இல் வந்த 13 ஆம் பதிப்பிலிருந்தும் அது வட்டில் இல்லை, ரேமில் இருக்கிறது. அங்கே இறக்கி வைத்த 2 ஜிபி ஐஎஸ்ஓ கோப்பு 2 ஜிபி ரேம். எந்த ப்ராசஸின் கணக்கிலும் அது வராது. ஃப்ரீ கட்டளையின் ஷேர்ட் நெடுவரிசையில்தான் தெரியும்.

அடுத்தது கிராபிக்ஸ். தனி கார்டு இல்லாத மடிக்கணினியில் திரையில் வரையும் படங்களும் டெக்ஸ்சர்களும் கணினியின் ரேமில்தான் தங்குகின்றன. இன்டெலின் ஐ915 டிரைவரில் இதுவும் ஷேர்ட் கணக்கிலேயே சேரும். டிஎஃப் கட்டளையில் டெம்ப்எஃப்எஸ் (ரேமில் இருக்கும் கோப்பகங்கள்) வரிகளில் பயன்பாட்டில் உள்ள அளவைக் கூட்டி ஷேர்ட்டிலிருந்து கழியுங்கள். மீதி பெரிதாக இருந்து, நாளுக்கு நாள் வளர்ந்தால், கிராபிக்ஸ் பக்கம் திரும்ப வேண்டும்.

மூன்றாவது கர்னலே. ப்ராக் கோப்பகத்தின் மெம்இன்ஃபோ கோப்பில் எஸ்அன்ரீக்ளெய்ம் என்ற வரி ஏறிக்கொண்டே போனால் கர்னலோ ஏதாவது ஒரு டிரைவரோ கசியக்கூடும். ஸ்லாப்டாப் கருவி எந்த வகை என்று சொல்லும். பழைய கர்னலில் பூட் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலையை இழக்காமல் ஷெல்லை மட்டும் ரீஸ்டார்ட் செய்யலாமா?

விண்டோக்களைத் திரைக்குக் கொண்டுவரும் ஏற்பாடுகள் இரண்டு: பழைய எக்ஸ்11, புதிய வேலண்ட். க்னோம் எக்ஸ்11 அமர்வில் ஓடினால் ஆல்ட்டும் எஃப்2வும் அழுத்தி, ஆர் என்று கொடுத்து என்டர் தட்டலாம். வேலண்டில் இது முடியாது. அங்கே க்னோம் ஷெல்தான் டிஸ்ப்ளே சர்வரும். அது நின்றால் அதை நம்பியிருக்கும் விண்டோக்களும் போய்விடும். லாகவுட் ஒன்றே வழி. ரீஸ்டார்ட் செய்வதற்குமுன் அந்த நேரத்து எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், செய்துவிட்டால் தடயம் அழிந்துவிடும்.

கேஷைக் காலி செய்யும் கட்டளை, பெரிய ஸ்வாப் இவை உதவுமா?

ட்ராப் கேஷஸ் கட்டளை உதவாது. கசிந்த இடம் கேஷில் இல்லை. அது நல்ல கேஷைத் தூக்கி எறிந்து கணினியை இன்னும் மெதுவாக்கும்.

ஸ்வாப் நாள்களை வாங்கித் தரும். யாரும் தொடாத கசிந்த பக்கங்களுக்கு வட்டுதான் சரியான இடம். ஆனால் ஃபெடோரா 33 முதல் இயல்பாக வருவது சிராம், அது ரேமிலேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப். அங்கே கசிவு சுருங்குமே தவிர ரேமை விட்டு வெளியேறாது.

நெருக்கடியில் பிரவுசர் தானாக மூடிக்கொண்டது. அப்படியானால் அதுதான் காரணமா?

கட்டாயம் இல்லை. கொல்லப்பட்டவர் வேறு, தின்றவர் வேறு என்பது அடிக்கடி நடக்கும். ஃபெடோரா 34, உபுண்டு 22.04 முதல் சிஸ்டம்டி ஓஓஎம்டி என்ற சேவை, ரேம் தட்டுப்பாட்டில் ஒரு செயலியின் குழுவையே ஒட்டுமொத்தமாக நிறுத்திவிடும். கர்னலின் சொந்த ஏற்பாடும் தனியாக இருக்கிறது. அது செயல்பட்டால், அந்த நொடியில் இருந்த எல்லா ப்ராசஸ்களின் பட்டியலையும் கணினியின் பதிவேடான ஜர்னலில் எழுதி வைக்கும். அதில் ஆர்எஸ்எஸ் நெடுவரிசை கேபியில் இல்லை, பக்கங்களில் இருக்கும். வழக்கமான பிசியில் ஒரு பக்கம் 4 கேபி, எனவே நான்கால் பெருக்கிப் படியுங்கள்.

நிரலாளர்களுக்கு எப்படி எழுதினால் திருத்துவார்கள்?

ரேம் அதிகமாகிறது என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தச் செயலை எத்தனை முறை செய்தால் எத்தனை எம்பி ஏறுகிறது என்று எழுதுங்கள். எக்ஸ்டென்ஷன் எல்லாம் அணைத்து, புதிய பயனர் கணக்கில் இருபது முறை திரையைப் பூட்டித் திறந்தேன், யுஎஸ்எஸ் இவ்வளவிலிருந்து இவ்வளவு ஆனது, பத்து நிமிடம் சும்மா விட்டும் இறங்கவில்லை என்ற ஒரு வாக்கியம், பத்து ஸ்கிரீன்ஷாட்டுகளைவிட மேல். டெஸ்க்டாப் பதிப்பு, வேலண்டா எக்ஸ்11ஆ, கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் சேருங்கள்.

இன்னும் கொஞ்சம் உழைக்க மனமிருந்தால், கேடிஈ பக்கம் ஹீப்ட்ராக் என்ற கருவி எந்த நிரல் வரி இடத்தை வாங்கித் திருப்பவில்லை என்று படமாகவே காட்டும். வால்கிரைண்ட் என்ற கருவியும் சொல்லும், ஆனால் டெஸ்க்டாப் பல மடங்கு மெதுவாகிப் புழங்கவே முடியாமல் போகும். க்னோமின் ஜாவாஸ்கிரிப்ட் பகுதிக்கு, அதற்குரிய சூழல் மாறியை (தொடங்கும்போது நிரலுக்குத் தரும் அமைப்பு) வைத்து ஷெல்லைத் தொடங்கியிருந்தால், யூசர்1 சிக்னல் அனுப்பியதும் ஹீப்பின் முழு நிலவரத்தையும் ஒரு கோப்பில் கொட்டும். சோதனைக்கு முன் ஒன்று, பின் ஒன்று எடுத்து இணைத்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் என்று உறுதியானால் க்னோமுக்கு எழுத வேண்டாம், அதை எழுதியவருக்கு எழுதுங்கள். நான் எழுதிய எக்ஸ்டென்ஷன் ஆசிரியர் மறுநாளே துண்டிக்க மறந்த சிக்னலைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரே ஒரு வரித் திருத்தம். அடுத்த பதிப்பை நிறுவி மறுபடி இருபது முறை பூட்டித் திறந்தேன், கோடு படுத்தே கிடந்தது.